மின்னஞ்சல் என்னும் சரித்திர சாசனம்

1989-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி, ரொனால்ட் ரீகனின் எட்டாண்டு ஆட்சி முடிந்து மறுநாள் ஜார்ஜ் புஷ் பதவியேற்கவிருந்த தறுவாயில், வாஷிங்டன் நகரத்து நியாயஸ்தலத்தில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு வழக்குத் தாக்கலாயிற்று. ஆட்சி கைமாறும்போது வெள்ளை மாளிகையின் மேஜைகளையும் அலமாரிகளையும் ஒழித்துக் கொடுப்பது மரபு. அந்த மரபை ஒட்டியே, அங்கிருந்த கணினிகளில் சேர்ந்திருந்த மின்னஞ்சல்களையும் அவற்றின் காப்புப் பிரதிகள் பதிந்திருந்த காந்த நாடாக்களையும் அழித்துவிடுவதற்கு ஏற்பாடாகியிருந்தது. அரசாங்க ரகசியங்களைச் சட்டத்தின் வழியே கேட்டு வாங்கிப் பொதுமக்களின் பார்வைக்குக் கொண்டுவருவதையே பணியாகக் கொண்ட ‘நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ்’ என்னும் தனியார் ஆய்வு ஸ்தாபனமும், அதன் ஸ்தாபகரான பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் அதைத் தடுக்க வேண்டுமென்று நீதிபதி பாரிங்டன் பார்க்கரின் முன் முறையிட்டனர். அன்று மாலையே அவர் தடையுத்தரவு பிறப்பித்தார். மின்னஞ்சல் என்பது காலம் கடந்தும் காக்கப்பட வேண்டிய சாசனமா, அல்லது பேசி முடித்ததும் காற்றோடு போகிற பேச்சைப் போன்றதா என்ற விசாரணை உலகில் முதன்முதலாகத் தீவிரமாக எழுந்த இடம் அதுவென்றே சொல்லலாம்.

அந்த நாடாக்களின்மேல் அவர்கள் அவ்வளவு சிரத்தை கொண்டதற்குக் காரணம் உண்டு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதங்களை விற்று, அதில் கிடைத்த பணத்தை நிகராகுவா நாட்டுக் கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் 1986 நவம்பரில் அம்பலமாகத் தொடங்கியபோது, ஜனாதிபதியின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த ஜான் பாயின்டெக்ஸ்டரும், அவருடைய காரியாலயத்தில் பணியாற்றிய ஆலிவர் நார்த்தும், தங்கள் கணினிகளில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளை ஒருசில நாட்களுக்குள் அழித்துத் தள்ளினார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ‘ப்ராஃப்ஸ்’ என்ற மின்னஞ்சல் அமைப்பு அங்கே பழக்கத்திலிருந்தது. விசையை அழுத்தினால் செய்தி என்றென்றைக்கும் மறைந்துவிடும் என்றே தாம் மனப்பூர்வமாக நம்பியிருந்ததாக நார்த் பின்னர் காங்கிரஸ் விசாரணையில் சாட்சியம் சொன்னார். ஆனால், எதிர்பாராத விபத்துகளுக்கு முன்னெச்சரிக்கையாக அந்தக் கணினிகளின் உள்ளடக்கத்தை நாடாவில் பதித்துவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. விசாரணைக் குழுவினர் நாடாவைத் தேடிப் படித்தபோது அழிந்தவையெல்லாம் அப்படியே இருந்தன. இவ்விவகாரத்தை விசாரித்த டவர் கமிஷன் 1987-இல் வெளியிட்ட அறிக்கையின் உயிர்நாடியான பகுதிகள் அந்த மின்னஞ்சல்களிலிருந்து பெறப்பட்டவையே.

வழக்கு நான்கு வருஷங்களுக்கு மேல் நடந்தது. ரீகன், புஷ், கிளின்டன் என்று மூன்று ஜனாதிபதிகளின் வழக்குரைஞர்களும், கட்சி வேறுபாடின்றி, ஒரே வாதத்தைத்தான் முன்வைத்தனர்: முக்கியமான செய்தி எதுவாயினும் அதைத் தாளில் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துவிடலாம், அப்படிச் சேர்த்தபின் கணினியில் இருப்பது வெறும் உபரிப் பிரதிதான், அதை அழிப்பதில் என்ன தோஷம்? மேலோட்டமாகக் கேட்பவருக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் 1993 ஜனவரியில் நீதிபதி சார்லஸ் ரிச்சியும், அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நியாயஸ்தலமும் இவ்வாதத்தை நிராகரித்தன. அச்சிட்ட தாளில் செய்தியின் வாசகம் இருந்தது. ஆனால் அது யார் யாருக்குப் போயிற்று என்ற விவரம் பல சந்தர்ப்பங்களில் இல்லை. ஒரு குழுவின் சங்கேதப் பெயர் மட்டும் தாளில் விழும். அந்தக் குழுவில் இருந்தவர்கள் யாவர் என்ற பட்டியல் கணினியில் வேறோர் இடத்தில் இருக்கும். பெறுநர் அதை எப்போது திறந்தார் என்பதற்கான அத்தாட்சியும் தாளில் ஏறுவதில்லை. ஒரு ராஜாங்கக் குற்றத்தைப் பற்றிய விசாரணையில், இன்ன செய்தி இன்னாருக்கு இன்ன நேரத்தில் தெரிந்திருந்ததா என்பதுதானே முதற் கேள்வி! அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைப் பிரதி என்று சொல்லுதல் தகாது என்பதே தீர்ப்பின் சாரம். அச்சிட்ட தாள் மின்னஞ்சல் ஆகாது. மின்னஞ்சலை மின்னஞ்சலாகவே காக்க வேண்டும். இந்த ஒரு கொள்கையை உலகம் இன்னும் முழுமையாக மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம். இன்றைக்கும் எத்தனையோ காரியாலயங்களில் ‘முக்கியமானதை அச்சிட்டுவிட்டோம்’ என்ற திருப்தியோடு கணினியைத் துடைத்துவிடுகிறார்கள்.

மின்னஞ்சலின் தேக அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்த்தால் அந்தக் கொள்கையின் நியாயம் விளங்கும். நம் கண்ணுக்குத் தெரிவது அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி, வாசகம் ஆகிய இவ்வளவே. இவற்றுக்கு மேலே, வழக்கமாகத் திரையில் காட்டப்படாத தலைப்பகுதி ஒன்று நீண்டு கிடக்கிறது. 1982-இல் டேவிட் கிராக்கர் எழுதிய நியமம் அதன் உருவத்தை வகுத்தது. ஒரு செய்தி அனுப்புநரின் கணினியைவிட்டுப் புறப்பட்டு, இடையிலுள்ள ஒவ்வொரு சேவையகத்தையும் கடக்கும்போது, அந்தச் சேவையகம் தன் பெயரையும் தனக்குச் செய்தி வந்து சேர்ந்த நேரத்தையும் ஒரு வரியாகத் தலைப்பகுதியின் உச்சியில் சேர்த்துவிடுகிறது. ஆகவே அந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துச் செல்பவர், செய்தி நடந்துவந்த வழி முழுவதையும் நொடிக்கணக்கோடு அறிந்துகொள்ளலாம்; போலிக் கடிதத்தையும் உண்மைக் கடிதத்தையும் பிரித்தறிய இது நல்லதொரு சாட்சியம். ஒவ்வொரு செய்திக்கும் தனியொரு அடையாள எண் உண்டு. மறுமொழி எழுதும்போது, எந்தச் செய்திக்கு மறுமொழி என்பதை அந்த எண்ணைக் கொண்டு தலைப்பகுதி குறித்துவைக்கிறது. பத்து வருஷங்களில் இருவர் எழுதிக்கொண்ட ஆயிரம் கடிதங்களையும் கேள்வி இது, விடை இது என்று கோத்துப் பார்ப்பதற்கு இந்தச் சரடே ஆதாரம். இன்னொரு நுட்பமும் உண்டு. பிறர் அறியாமல் பிரதி அனுப்பப்பட்டவரின் பெயர் மற்றப் பெறுநர்களின் பிரதியில் இராது. பெரும்பாலும் அனுப்புநரின் ‘அனுப்பியவை’ என்ற பெட்டியில் உள்ள பிரதியில்தான் எஞ்சியிருக்கும். ஆகையால் வந்த கடிதங்களை மட்டும் ஒப்படைத்துவிட்டு அனுப்பியவற்றைக் கைவிடுகிறவர், பாதியை அல்ல, பாதிக்கும் மேலானதை இழக்கச் செய்கிறார்.

இத்தனையும் அடங்கிய செய்திகளைச் சேமித்துவைக்கும் கோப்பு வகைகளில் ‘எம்பாக்ஸ்’ என்பது மிகப் பழையது. எளிமையும் வெளிப்படையான அமைப்பும் உடையதாதலால் காப்பகங்களுக்கு உகந்தது. ஒரு கணக்கின் கடிதங்களையெல்லாம் ஒரே நீண்ட எழுத்துக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைப்பதே அதன் முறை. ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால், அங்கே புதிய கடிதம் ஆரம்பிக்கிறது என்று கணினி தெரிந்துகொள்ளும். கடிதம் எழுதியவரே தம் வாசகத்தில் ஒரு வரியை அந்தச் சொல்லால் தொடங்கிவிட்டால்? கணினி மயங்கிவிடாதிருப்பதற்காக, அந்த வரியின் முன்னால் ஓர் அம்புக்குறியைச் சேமிக்கும் மென்பொருள் தானாகவே இட்டுவிடுகிறது. எழுதியவர் இடாத குறி அது. பாதுகாக்கும் செயலே பாதுகாக்கப்படும் பொருளில் ஒரு மாறுதலைச் செய்துவிடுகிறது! ஏட்டுச்சுவடியைப் பிரதி செய்தவர் கைப்பட நுழைத்த பாடபேதத்தை ஆராய்வதுபோல, வருங்காலத்துப் பதிப்பாசிரியர் இந்த அம்புக்குறியையும் ஆராய வேண்டியிருக்கும். ஆகவேதான் தேர்ந்த காப்பாளர்கள், கோப்பு தங்கள் கைக்கு வந்த கணத்திலேயே அதன் ஒவ்வொரு பிட்டையும் கணக்கிட்டு ஒரு முத்திரை எண்ணை எடுத்துவைக்கிறார்கள். ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் ஓரிடத்தில் வைத்து, பிரதியின்மீதே வேலை செய்வது அவர்களுடைய முதல் விதி.

இலக்கிய உலகத்தில் இவ்விஷயம் கவனத்துக்கு வந்தது இன்னும் சற்றுப் பிந்தித்தான். எமரி பல்கலைக்கழகத்து நூல்நிலையம் 2006-இல் சல்மான் ருஷ்டியின் சேகரத்தைப் பெற்றபோது காகிதங்களோடு அவருடைய பழைய ஆப்பிள் கணினிகளும் வந்து சேர்ந்தன. 2010-இல் அச்சேகரத்தை வாசகர்களுக்குத் திறந்தபோது, அக்கணினிகளில் ஒன்றை அவர் பயன்படுத்திய கோலத்திலேயே திரையில் மீண்டும் இயங்கும்படி செய்திருந்தார்கள். பிரிட்டிஷ் நூல்நிலையம் 2011-இல் கவிஞர் வெண்டி கோப்பின் சேகரத்தை 32,000 பவுன் கொடுத்து வாங்கியது. அதில் கடிதப் பெட்டிகளோடு ஏறக்குறைய 40,000 மின்னஞ்சல்களும் இருந்தன. டெக்சாஸிலுள்ள ஹாரி ரான்சம் மையம் 2014-இல் 20 லட்சம் டாலர் கொடுத்துப் பெற்ற இயன் மெக்யூவனின் சேகரத்தில் 1997 முதலான மின்னஞ்சல்கள் அடக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் சூசன் சொன்டாக்கின் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் உள்ளன. அங்கே சென்று மடிக்கணினியில் அவற்றைப் படித்தவர்களுள் ஒருவர் அவருடைய சரித்திரத்தை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற பெஞ்சமின் மோசர். தபாலில் போட்ட கடிதம் பெற்றவரின் வீட்டில் இருக்கும். எழுதியவரின் வீட்டில் இராது. ஓர் எழுத்தாளரின் கடிதங்களைத் தொகுக்கப் புறப்பட்டவர், அவருடைய நண்பர்களின் வாரிசுகளைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். மின்னஞ்சலிலோ இரு திசைக் கடிதங்களும் ஒரே கணக்கில் ஒருங்கே கிடைக்கின்றன. சரித்திரம் எழுதுகிறவனுக்கு இதற்கு முன் எந்தத் தலைமுறையிலும் வாய்த்திராத பாக்கியம் இது.

பாக்கியத்தோடு பாரமும் சேர்ந்தே வருகிறது. கிளின்டன் காலத்து வெள்ளை மாளிகை மின்னஞ்சல்கள் சுமார் 2 கோடி. அடுத்து வந்த இளைய புஷ் காலத்தவை 20 கோடிக்கும் மேல். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்மானிப்பதற்கு மனித ஆயுள் போதாது. ஆகவே அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் ஒரு புதிய ஏற்பாட்டை வகுத்தது: கடிதத்தின் பொருளைப் பார்த்து முடிவு செய்யாமல், எழுதியவரின் பதவியைப் பார்த்து முடிவு செய்வது. இலாகாவின் உயர்ந்த பதவிகளில் உள்ளவர்களின் கணக்கு முழுவதும் நிரந்தரமாகக் காக்கப்படும். மற்றவர்களுடையவை குறித்த காலத்துக்குப்பின் நீக்கப்படும். நடைமுறைக்கு ஒத்த வழிதான். எனினும் ராஜாங்கத்தின் உண்மையான சரித்திரம் பல சமயம் கீழ்நிலைக் குமாஸ்தாவின் குறிப்பில் ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இதை முழு மனத்தோடு ஏற்பது கடினம்.

அந்தரங்கத்தைப் பற்றிய விஷயம் இதனினும் நுண்மையானது. ஒருவர் தம் கணக்கை நூல்நிலையத்துக்கு மனமுவந்து கொடுக்கலாம். ஆனால் அதிலுள்ள கடிதங்களில் பெரும்பகுதி பிறர் எழுதியவை. அவர்கள் யாரும் சம்மதம் கொடுத்தவர்கள் அல்லர். நோயைப் பற்றி, கடனைப் பற்றி, வீட்டுச் சண்டையைப் பற்றி ஒரு நண்பரை நம்பி எழுதியவை அவை. இதில் அஜாக்கிரதையாக இருந்தால் என்ன விளையும் என்பதற்கு என்ரான் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் சான்று. அந்நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானபின், கலிஃபோர்னியாவின் மின்சார நெருக்கடியை விசாரித்த மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், விசாரணைக்காகத் தான் கைப்பற்றிய ஊழியர்களின் மின்னஞ்சல்களை 2003-இல் பொதுவில் வெளியிட்டுவிட்டது. குற்றத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவர்களின் காதல் கடிதங்களும், குடும்ப ரகசியங்களும், அரசாங்க அடையாள எண்களும் உலகத்தின் பார்வைக்கு வந்தன. முறையீடுகளின்பேரில் ஒரு பகுதி பின்னர் விலக்கப்பட்டது. ஆனாலும் ஏறக்குறைய 150 பேருடைய ஐந்து லட்சம் செய்திகள் கொண்ட தொகுதி ஆராய்ச்சியாளர்களின் கைகளில் இன்றளவும் புழங்குகிறது. மொழி ஆராய்ச்சிக்கும், வேண்டாத அஞ்சலை வடிகட்டும் மென்பொருள்களுக்கும் அது பேருதவி புரிந்தது உண்மையே. அந்த உதவியைச் சொல்லி, அந்த ஊழியர்களுக்கு நேர்ந்த அவமானத்தை ஈடுசெய்துவிட முடியாது.

இதற்குப் பரிகாரமாக நூல்நிலையங்கள் கண்டுள்ள வழிகளுள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூல்நிலையத்தின் ‘ஈபேட்’ என்ற மென்பொருள் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. அதன் அடிப்படை, சுதீந்திர ஹங்கல் என்ற இந்தியர் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது, தனிமனிதர்கள் தங்கள் பழைய அஞ்சல்களைப் புரட்டிப் பார்த்து நினைவுகளை மீட்டுக்கொள்வதற்காகச் செய்த ‘மியூஸ்’ என்ற கருவி. ஈபேட் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் வரும் மனிதர்கள், ஊர்கள், ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் பெயர்களைத் தானே பொறுக்கியெடுக்கிறது. நோய், வழக்கு, பணம் போன்றவற்றைக் குறிக்கும் சொற்பட்டியல்களைக் கொண்டு அந்தரங்கமான கடிதங்களைக் காப்பாளருக்குச் சுட்டிக்காட்டுகிறது. கவிஞர் ராபர்ட் கிரீலியின் மின்னஞ்சல் சேகரத்தை இம்முறையில்தான் அங்கே திறந்துவைத்தார்கள். இணையத்தின்வழித் தேடுகிறவருக்குக் கடிதங்களின் வாசகம் மறைக்கப்பட்டு, அவற்றில் வரும் பெயர்கள் மட்டும் தெரியும். தமக்கு வேண்டியது அதில் உண்டு என்று கண்டவர், நூல்நிலையத்துக்கே நேரில் சென்று அங்குள்ள கணினியில் முழுக் கடிதத்தையும் படிக்கலாம். அறிவுக்கும் மானத்துக்கும் ஒருசேர மரியாதை செய்யும் ஏற்பாடு இது. காப்பாளரின் கண்ணும் மனமும் இதற்குப் பின்னாலும் வேண்டியவையே; நோயின் பெயரைச் சொல்லாமல் நோயைப் பற்றி எழுதத் தெரியாதவர் யார்?

தமிழில் எழுதப்பட்ட மின்னஞ்சல்களைக் காப்பதில் இவற்றுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும் இணைப்புகளையும் மின்னஞ்சலில் ஏற்றிச் செல்வதற்கான ‘மைம்’ என்ற நியமம் 1992-இல் வகுக்கப்பட்டது. யூனிகோடு அதற்கு முந்திய ஆண்டே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆயினும் சாதாரணக் கணினிகளில் யூனிகோடு தமிழ் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த தமிழர்கள் முரசு அஞ்சல், மயிலை முதலிய எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கி என்ற ஒருமித்த குறியீட்டிலும், 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப் குறியீடுகளிலும் கடிதம் எழுதினர். ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய எழுத்துகளுக்கென வைத்த எண்களின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திய ஏற்பாடுகள் அவை. கடிதத்தின் தலைப்பகுதியோ, பல சமயம், உள்ளே இருப்பது மேலை ஐரோப்பிய எழுத்து என்றே அறிவித்துக்கொண்டிருக்கும்! உரிய எழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் திறந்தால், தமிழ்க் கடிதம் பொருளற்ற லத்தீன் எழுத்துக்குவியலாகக் காட்சியளிக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. ஆனால் எந்தக் குறியீட்டில் எழுதியது என்று முதலில் தெரிய வேண்டும். திஸ்கியில் ‘கொ’ என்ற எழுத்து, ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். யூனிகோடிலோ ககரம் முந்தி, உயிர்க்குறி பிந்தி. இந்த வரிசை மாற்றத்தை அறியாத மென்பொருள் கடிதத்தைச் சிதைத்துவிடும். குப்பை என்று எண்ணி யாரும் இத்தகைய கோப்புகளைக் கழித்துவிடலாகாது. எழுத்துருக் கோப்பையும் கடிதத்தோடு சேர்த்துவைத்தல், எழுதிய ஆண்டையும் பயன்படுத்திய மென்பொருளையும் ஒரு குறிப்பாக எழுதிவைத்தல் ஆகியவை அதிகச் செலவில்லாத காரியங்கள். எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டியவை.

காலம் இவ்விஷயத்தில் நமக்குச் சாதகமாக இல்லை. காகிதக் கடிதங்களை ஒருவர் பரணில் போட்டு மறந்துவிட்டாலும், கரையானும் மழையும் விட்டுவைத்தவை ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் பேரனுக்குக் கிடைக்கும். மறந்துபோன மின்னஞ்சல் கணக்கு அப்படிக் காத்திருப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. கடவுச்சொல் தெரியாத வாரிசுகள் படும் பாடும் சிறிதன்று: ஈராக்கில் 2004-இல் உயிர்நீத்த ஓர் அமெரிக்கப் போர்வீரரின் பெற்றோர், மகனுடைய கணக்கிலிருந்த மின்னஞ்சல்களைக் கேட்டபோது யாஹூ நிறுவனம் தன் அந்தரங்க விதியைக் காட்டி மறுத்தது, மறு ஆண்டு மிச்சிகன் மாநிலத்து நியாயஸ்தலத்தின் உத்தரவுக்குப் பின்னரே அவை குறுந்தகட்டில் பதிந்து அவர்கள் கைக்கு வந்தன.

ஆகவே எழுத்தாளர்களையும், ஆராய்ச்சியாளர்களையும், சங்கங்களையும் பத்திரிகைகளையும் நடத்துகிறவர்களையும், அவர்களுடைய குடும்பத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது இது: உங்கள் கணக்கிலுள்ள அஞ்சல்கள் அனைத்தையும், வந்தவற்றோடு அனுப்பியவற்றையும் சேர்த்து, எம்பாக்ஸ் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள், ஜிமெயிலில் ‘டேக்அவுட்’ என்னும் வசதி இதைச் செய்துதருகிறது. இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். கணக்கு நெடுநாள் ஓய்ந்திருந்தால் அதன் உள்ளடக்கம் யாரிடம் சேர வேண்டும் என்பதைக் கூகுளின் அமைப்புகளில் இன்றே குறிப்பிடுங்கள். பிறர் படிக்கலாகாதவை எவை, எத்தனை ஆண்டுகளுக்குப்பின் படிக்கலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். நூல்நிலையங்களை நடத்துகிறவர்கள் ஓர் எழுத்தாளரின் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் பெறச் செல்லும்போது, அவருடைய மின்னஞ்சலையும் கூச்சமின்றிக் கேட்டுப் பெறுங்கள். கேட்காத காரணத்தால் அழிந்தவையே அதிகம்.